சிற்பியும் சிலையும்: பிக்மாலியன் கதை எழுப்பும் ஓர் அறக்கேள்வி

பழங்கதையொன்று பல நூற்றாண்டுகள் வாழ்ந்து வருமாயின், அது ஒரே கதையாக வாழ்ந்து வருவதில்லை. ஒவ்வொரு காலமும் தன் சமுதாய உறவுகளுக்கேற்ப அதனைத் திருத்தியும் விரித்தும் புதிதாகச் சொல்லிக்கொள்கின்றது. எது சேர்க்கப்பட்டது, எது கைவிடப்பட்டது, யாருக்குப் பேச இடமளிக்கப்பட்டது, யார் வாய்மூடி நிற்க நேர்ந்தது என்பவற்றைக் கவனித்தால், கதை சொன்னவர்களின் காலத்தையே நாம் அறிந்துகொள்ளலாம். தான் செதுக்கிய சிலையைத் தானே காதலித்த பிக்மாலியன் என்பவனைப் பற்றிய கிரேக்கக் கதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இக்கதையைக் கலையின் வெற்றியைக் கூறும் கதையாகவே பலர் கொள்வர். கலைஞனின் அன்பு உண்மையானதாயின் கல்லும் உயிர்பெறும் என்பது அவர்கள் காணும் பொருள். ஆனால், கதையின் அடியில் வேறொரு கேள்வி கிடக்கின்றது. ஒருவர் மற்றொருவரை உருவாக்கினால், உருவாக்கியவருக்கு உருவாக்கப்பட்டவர்மீது எத்தகைய உரிமை உண்டு? கலைஞனுக்கு மாத்திரம் உரிய கேள்வியன்று இது. பெற்றோர், ஆசிரியர், சீர்திருத்தவாதி, மக்களை விழிப்படையச் செய்ய முற்படும் அரசியல் ஊழியர் ஆகிய யாவரும் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். கதையின் வெவ்வேறு வடிவங்களை வரிசையாக வைத்து நோக்கும்போது விடையின் திசை புலப்படும்.

1

இக்கதையின் மிகப் பழைய வடிவம் நமக்கு நேரடியாகக் கிடைத்திலது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், சைரீன் நகரத்தவரான பிலொஸ்தெபனஸ் என்பவர் சைப்பிரஸ் தீவைப் பற்றி எழுதிய நூலில் அது இடம்பெற்றிருந்தது. அந்நூல் அழிந்துபோயிற்று. எனினும் அதனைச் சான்றாகக் காட்டி எழுதிய கிறித்தவ ஆசிரியர் இருவர் வாயிலாக அதன் சாரத்தை அறிகின்றோம். ஒருவர் கி.பி. 200ஆம் ஆண்டளவில் எழுதிய அலெக்சாந்திரியா நகரத்துக் கிளெமென்ற். மற்றவர் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஆர்னோபியஸ். இருவரும் விக்கிரக வழிபாட்டைக் கண்டிக்கும் நோக்குடனேயே இக்கதையை எடுத்தாண்டனர்.

அவர்கள் கூறும் கதையில் பிக்மாலியன் சிற்பியல்லன். ஆர்னோபியஸ் அவனைச் சைப்பிரஸின் அரசன் என்கிறார். சிலையோ அவன் செதுக்கியதன்று. தொன்றுதொட்டு வழிபடப்பெற்று வந்த தெய்வச் சிலை. அதன்மீது மையல்கொண்ட அரசன் அதனைத் தன் மனைவிபோல நடத்தினான். சிலை உயிர்பெறவுமில்லை. அப்பொலொடோரஸ் பெயரால் வழங்கும் புராணத் தொகுப்பிலும் பிக்மாலியன் சைப்பிரஸ் அரசனாகவே வருகின்றான். அங்கே சிலை பற்றிய பேச்சே இல்லை. பிக்மாலியன் என்னும் பெயர் பினீசிய மூலமுடையது என்பதையும் கருத்திற்கொண்டு, அரசனுக்கும் தெய்வத்துக்கும் இடையே நிகழ்ந்த சடங்குமுறைத் திருமணமொன்றின் நினைவே இக்கதையிற் படிந்துள்ளதெனச் சில ஆய்வாளர் கருதுவர்.

அக்கருத்துச் சரியாயின், பழைய கதையின் பொருள் தெளிவு. தெய்வத்தின் கணவன் என்னும் தகுதி அரசனின் ஆட்சிக்குப் புனிதம் வழங்கியது. அங்குச் சிலை உயிர்பெற வேண்டிய தேவையில்லை. மக்கள் அதனைத் தெய்வமென நம்பினாற் போதும்.

2

இன்று நாம் அறிந்துள்ள வடிவத்தில் இக்கதையை முதன்முதலாகக் காண்பது உரோமக் கவிஞர் ஓவிட்டின் ‘உருமாற்றங்கள்’ என்னும் பெருநூலின் 10ஆம் காண்டத்திலேயாகும். கி.பி. 8ஆம் ஆண்டளவில் அந்நூல் நிறைவெய்தியது. இங்கே பிக்மாலியன் அரசனாக வரவில்லை, சிற்பியாக வருகின்றான். தெய்வச் சிலை இருந்த இடத்தில், அவன் தன் கையாற் செய்த யானைத் தந்தப் பெண்ணுருவம் நிற்கின்றது. இறுதியில் அது உயிர்பெற்றும் விடுகின்றது.

அவன் ஏன் செதுக்கினான் என்பதை ஓவிட் மறைக்கவில்லை. வீனஸ் தேவியின் தெய்வத்தன்மையை மறுத்த புரோபீத்தஸின் பெண்மக்கள், அதன் தண்டனையாக உடலை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டு, நாணமிழந்து, ஈற்றிற் கல்லாயினர். அவர்களைக் கண்டு பெண்குலத்தையே வெறுத்த பிக்மாலியன், திருமணத்தைத் தவிர்த்துத் தனித்து வாழ்ந்து, எந்தப் பெண்ணிடத்தும் காணமுடியாத அழகைத் தந்தத்திற் செதுக்கினான். சிப்பிகள், கூழாங்கற்கள், சிறு பறவைகள், மலர்கள் என அதற்குப் பரிசுகள் கொணர்ந்தான், ஆடையணிவித்தான், பஞ்சணையிற் கிடத்தினான். வீனஸின் திருவிழாவன்று தன் தந்தப் பெண்ணையே மனைவியாகக் கேட்கக் கூசி, அவளைப் போன்ற ஒருத்தியைத் தருமாறு வேண்டினான். வீடு திரும்பி முத்தமிட்டபோது தந்தம் வெயிலில் இளகும் மெழுகுபோல் நெகிழ்ந்தது.

இதில் இரண்டு செய்திகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கன. தெய்வத்தை மறுத்துரைக்கும் துணிவுடைய பெண்கள் கல்லாகின்றனர்; மறுக்கும் ஆற்றலே இல்லாத தந்தம் பெண்ணாகின்றது. அடுத்தடுத்து வரும் இவ்விரு மாற்றங்களையும் சேர்த்துப் படித்தால், எத்தகைய பெண்ணுக்கு உயிர்வாழ இடமுண்டு என்று அச்சமுதாயம் கருதியது என்பது விளங்கும். மற்றது, அவள் கண்விழிக்கும் காட்சி. நாணத்துடன் விழியுயர்த்திய அவள் வானத்தையும் காதலனையும் ஒருங்கே காண்கின்றாள். அவன் இல்லாத உலகை அவள் ஒரு கணமேனும் கண்டதில்லை. கதை முடியும்வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்குப் பெயருமில்லை. அவள் பெற்ற குழந்தைக்குப் பெயருண்டு. பாபோஸ் நகரம் அப்பெயரால் விளங்கிற்று.

எனினும் ஓவிட்டை எளிதில் பெண்வெறுப்பாளர் என ஒதுக்கிவிடல் ஆகாது. இக்கதையை அவர் தம் வாயாற் சொல்லவில்லை. மனைவியை இழந்து, பெண்களை விலக்கி வாழும் ஓர்பியஸ் என்னும் பாடகனின் வாயில் வைத்தார். சொல்பவனின் மனப்புண் கதையில் ஊறியிருப்பதை வாசகர் உணரவேண்டும் என்று அவர் கருதியிருத்தல் கூடும். அன்றியும், இக்கதையைத் தொடர்ந்து வருவது பிக்மாலியனின் வழித்தோன்றலான மிர்ராவின் துயரக்கதை. அவள் தன்னைப் பெற்ற தந்தையையே காமுற்றவள். முன்னைய கதையில், உருவாக்கியவன் தான் உருவாக்கியதை விழைந்தான். பின்னைய கதையில், உருவாக்கப்பட்டவள் தன்னை உருவாக்கியவனை விழைந்தாள். முன்னையது தெய்வ அருள் எனப் போற்றப்பட, பின்னையது பெரும்பாவம் எனத் தூற்றப்படுகின்றது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த கவிஞர், முன்னையதன் இனிமையில் நாம் முற்றாக மயங்கிவிடாதபடி செய்துள்ளார் எனலாம்.

3

நிலமானிய ஐரோப்பா இக்கதைக்குத் தந்த விளக்கம் வியப்புக்குரியது. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பெயரறியாத பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் ஓவிட்டின் கதைகளையெல்லாம் அறநெறி விளக்கங்களுடன் நெடும் பாட்டாக ஆக்கினார். பிக்மாலியன் கதைக்கு அவர் கூறும் விளக்கங்களுள் ஒன்று பின்வருமாறு: செல்வமும் அதிகாரமும் படைத்த பிரபு ஒருவனின் வீட்டில் ஏழைப் பணிப்பெண் ஒருத்தி இருந்தாள்; உடுக்க நல்லுடையின்றி, அழுக்கடைந்து, மெலிந்து கிடந்தாள். பிரபு அவளுக்கு ஊணும் உடையும் அளித்து, கல்வியும் புகட்டி, பின்னர் மனைவியாக்கிக்கொண்டான். சிலை உயிர்பெற்றது என்பதன் பொருள் இதுவே என்கிறார் அவர்.

இவ்விளக்கம் வெளிப்படுத்தும் உண்மையை அதனை எழுதியவரே முழுமையாக உணர்ந்திருந்தார் எனக் கூறல் அரிது. சிலையின் உயிரின்மை என்று கதை கூறுவது உண்மையில் ஓர் ஏழையின் வறுமை. பட்டினி கிடந்தவள் கல்லாகத் தோன்றினாள்; உண்டபின் பெண்ணாகத் தோன்றினாள். அவள் எப்போதும் பெண்ணாகவே இருந்தாள் என்பது பிரபுவின் கண்ணுக்குத் தெரியவில்லை.

18ஆம் நூற்றாண்டில் எழுச்சிபெற்ற நடுத்தர வர்க்கம் ‘நான்’ என்னும் தனிமனித உணர்வை முதன்மைப்படுத்தியது. 1754இல் கொண்டியாக் என்னும் பிரெஞ்சுத் தத்துவஞானி, புலன்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பெறும் ஒரு சிலையைக் கற்பனைசெய்து, அறிவு எங்ஙனம் தோன்றுகிறது என ஆராய்ந்தார். ரூசோ 1762இல் எழுதிய, 1770இல் லியோன் நகரில் மேடையேறிய ‘பிக்மாலியன்’ என்னும் இசையோடு கூடிய சிறுநாடகத்தில், சிலை கலாத்தியா என்னும் பெயர்பெற்றுத் தன்னைத் தானே உணர்ந்து பேசுகின்றது. கலாத்தியா என்பது பழைய கிரேக்கக் கதைகளில் ஒரு கடல்மகளின் பெயர். அந்நூற்றாண்டிலேயே அது சிலைக்கு உரியதாயிற்று. ரூசோவின் கலாத்தியா தன்னைத் தொட்டுப்பார்த்து, இது நான் என்கிறாள். அருகிலுள்ள பளிங்குக் கல்லைத் தொட்டு, இது நானல்ல என அறிகிறாள். பிறகு பிக்மாலியனைத் தொட்டதும் பெருமூச்செறிந்து, இதுவும் நானே என்கிறாள்.

பெயரும் பேச்சும் தன்னுணர்வும் அவளுக்குக் கிடைத்தமை பெரிய முன்னேற்றமே. ஆனால், அவளது தனித்தன்மை மூன்று தொடுகைகளுள் தோன்றி, மூன்றாவதிலேயே மறைந்துவிடுகின்றது. மனிதன் சுதந்திரமாகப் பிறந்தவன் என முழங்கிய அதே ரூசோ, அதே 1762இல் வெளியிட்ட ‘எமில்’ என்னும் கல்வி நூலின் 5ஆம் பகுதியில், பெண்ணின் கல்வி ஆடவனின் தேவைக்கு இயைந்ததாய் இருத்தல் வேண்டும் என்று வாதிட்டார். நாடகத்தின் கலாத்தியாவும் கல்வி நூலின் சோபியும் உடன்பிறந்தவர்கள்.

4

இதுவரை கூறியவை ஏட்டுக் கதைகள். இரத்தமும் சதையுமான சிறுமிகள்மீது இக்கதை நிகழ்த்தப்பட்டதும் உண்டு.

1769இல், தோமஸ் டே என்னும் 21 வயது ஆங்கிலேயச் செல்வர், ‘எமில்’ நூலில் ஆழ்ந்த பற்றுக்கொண்டு, தமக்கேற்ற மனைவியைத் தாமே உருவாக்கத் தீர்மானித்தார். அநாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தின் ஷுரூஸ்பரிக் கிளையிலிருந்து 12 வயதுச் சிறுமி ஒருத்தியையும், இலண்டனில் இருந்த இல்லத்திலிருந்து மற்றொரு சிறுமியையும் பெற்றார். அவர் திருமணமாகாதவராதலின், மணமான நண்பர் எட்ஜ்வேர்த் என்பவரின் பெயரிலேயே பத்திரங்கள் எழுதப்பட்டன. சிறுமிகளுக்கு அவர் செய்த முதற்காரியம் பெயரை மாற்றியது. ஒருத்தி சப்ரினா சிட்னி ஆனாள். மற்றவள் லுக்ரீஷியா ஆனாள். பிற தொடர்புகள் ஏற்படா வண்ணம் இருவரையும் பிரான்சுக்கு அழைத்துச் சென்று தம் கொள்கைப்படி கற்பித்தார். லுக்ரீஷியா தேறமாட்டாள் என முடிவுசெய்து, அவளைத் தொப்பியும் உடையலங்காரமும் செய்யும் கடையொன்றில் தொழில்பழக விட்டார். எஞ்சிய சப்ரினாவின் மனவுறுதியைச் சோதிக்க அவளது கைகளில் உருகிய அரக்கை ஊற்றினார். அவளது பாவாடையை நோக்கிக் கைத்துப்பாக்கியால் சுட்டார். அவள் அலறினாள். ஆகவே தகுதியற்றவள் என்றார். அவளை அவர் மணக்கவில்லை.

இத்தகையவரைக் கொடியவர் என்று தள்ளிவிட்டு நாம் ஆறுதலடைய முடியாது. தோமஸ் டே தம் காலத்தின் முற்போக்காளர். அடிமை முறையைக் கண்டித்து 1773இல் வெளிவந்த கவிதை நூலொன்றை நண்பர் ஜோன் பிக்னெலுடன் சேர்ந்து எழுதியவர். அமெரிக்காவில் சுதந்திரம் பேசிக்கொண்டே அடிமைகளை வைத்திருந்தோரைக் கண்டித்தவர். கடலுக்கு அப்பால் விற்கப்பட்ட மனிதனுக்காகக் கண்ணீர் வடித்த ஒருவர், தம் வீட்டில் பத்திரம் எழுதி வாங்கப்பட்ட சிறுமியை ஒரு கருத்தின் மூலப்பொருளாகக் கண்டார். நல்ல கொள்கை ஒருவரிடம் இருப்பது, அவர் கையில் அகப்பட்ட எளியவருக்குப் பாதுகாப்பாகிவிடாது என்பதே சப்ரினாவின் வரலாறு நமக்குக் கூறும் பாடமாகும்.

சப்ரினா 1784இல் பிக்னெலையே மணந்தாள். சில ஆண்டுகளில் விதவையானாள். பின்னர் ஒரு பாடசாலையின் இல்லப் பொறுப்பாளராய் நெடுங்காலம் உழைத்து, இரு புதல்வரையும் வளர்த்து, 1843இல் காலமானாள். எந்தச் சிற்பியின் உளியும் அவளுக்கு இவ்வாற்றலைச் செதுக்கித் தந்ததில்லை.

5

பழைய கதையைத் தலைகீழாகப் புரட்டியவர் பேர்னாட் ஷா. பேபியன் சங்கத்தைச் சேர்ந்த சோசலிசவாதியான அவர் எழுதிய ‘பிக்மாலியன்’ 1913இல் வியன்னாவிலும், 1914இல் இலண்டனிலும் அரங்கேறியது. தெருவில் பூ விற்கும் எலைசா டூலிற்றிலின் பேச்சை மாற்றி, ஆறு மாதத்தில் அவளை உயர்குலச் சீமாட்டியாகக் காட்டிவிடலாம் என்று ஒலியியல் அறிஞர் ஹிக்கின்ஸ் பந்தயம் கட்டுகின்றார். அவளது தந்தையான குப்பைவண்டித் தொழிலாளி 5 பவுண் பெற்றுக்கொண்டு மகளை விட்டுச் செல்கின்றார். பந்தயத்தில் ஹிக்கின்ஸ் வெல்கின்றார்.

ஒரு பெண்ணைச் சீமாட்டியாக்குவது பிறப்பன்று, சில உயிரொலிகளே என நிரூபித்ததன் வாயிலாக, ஷா வர்க்கப் பெருமையின் அடித்தளத்தையே நகைப்புக்கு இடமாக்கினார். ஆயினும் நாடகத்தின் உயிர்நிலை வெற்றிக்குப் பின் வரும் காட்சியில் உள்ளது. விருந்திலிருந்து திரும்பிய ஹிக்கின்சும் அவரது நண்பர் பிக்கரிங்கும் சோர்வுடன் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கின்றனர். எலைசா அங்கேயே நிற்கின்றாள். அவளுக்கு ஒரு பாராட்டுமில்லை. உழைப்பு முழுவதும் தம்முடையதென்றே இருவரும் எண்ணுகின்றனர். எலைசா ஹிக்கின்சின் பாதணிகளைத் தூக்கி அவர்மீதே எறிகின்றாள். இனி நான் எங்கே போவேன் என அவள் கேட்கும் கேள்விக்கு அவரிடம் விடையில்லை. முன்பு அவள் பூ விற்றாள். சீமாட்டியான பின்னர், தன்னைத் தவிர விற்பதற்கு அவளிடம் எதுவுமில்லை.

இந்த இடத்திலேயே பழைய கதையின் அடிப்படைப் பொய் வெளிப்படுகின்றது. தந்தம் உழைப்பதில்லை, சிலையில் உள்ள உழைப்பெல்லாம் சிற்பியினுடையது. ஆதலால், சிலை தன் உடைமை என்று அவன் கூறுதல் பொருந்தலாம். ஆனால் எலைசா தந்தமல்லள். மாதக்கணக்காக நாவைப் பழக்கியவள் அவள். அழுதும் மீண்டும் அமர்ந்து கற்றவள் அவள். கற்பித்தல் ஒருவரின் உழைப்பாயின், கற்றல் மற்றொருவரின் உழைப்பு. மனிதரை உருவாக்குவதைச் சிலை செதுக்குவதற்கு ஒப்பிடும்போதெல்லாம் இந்த இரண்டாவது உழைப்பு கணக்கிலிருந்து அழிக்கப்படுகின்றது. தொழிலாளியின் உழைப்பை இலாபக் கணக்கில் மறைக்கும் முறைக்கும் இதற்கும் உறவு உண்டு.

எலைசா இதனை உணர்ந்த தருணம் முக்கியமானது. கற்ற ஒலியியலை நானே பிறருக்குக் கற்பிப்பேன், உமது போட்டியாளரிடம் உதவியாளராகச் சேர்வேன் என்று அவள் அறிவிக்கின்றாள். கொடுத்த அறிவைத் திரும்பப் பறிக்கமுடியாது என்பதை அவள் கண்டுகொண்டாள். சினங்கொண்டு அவளைப் பற்ற எழுந்த ஹிக்கின்ஸ், மறுகணமே அவளை மதிக்கவும் தொடங்குகின்றார்.

ஷா எழுதிய முடிவில் எலைசா அவரை விட்டுச் செல்கின்றாள். இம்முடிவைத் தாங்க முடியாதோர் பலர். 1914இல் ஹிக்கின்சாக நடித்த ட்ரீ என்பவர், திரை விழுமுன் எலைசாவை நோக்கிப் பூக்களை எறிந்து, காதலைக் குறிப்பாற் காட்டினார். ஷா சினமுற்று, 1916இல் பின்னுரை எழுதி, எலைசா பிரெடி என்னும் இளைஞனை மணந்து பூக்கடை வைத்தாள் எனத் தெளிவாக்கினார். அப்படியிருந்தும் 1938இன் திரைப்படத்திலும், 1956இல் மேடையேறி 1964இல் திரைக்கு வந்த ‘மை பெயர் லேடி’ இசைநாடகத்திலும் எலைசா திரும்பி வந்துவிடுகின்றாள். இசைநாடகத்தில் ஹிக்கின்ஸ் தம் பாதணிகள் எங்கே என்று கேட்பதோடு திரை விழுகின்றது. எறியப்பட்ட பாதணிகளையே அவள் எடுத்துக்கொடுக்க வேண்டும் என வணிக அரங்கு விரும்பிற்று. சிலை பேசுவதை அது பொறுத்துக்கொள்ளும், வெளியேறுவதைப் பொறுத்துக்கொள்ளாது.

2013இல் அமெரிக்க எழுத்தாளர் மடலின் மில்லர் எழுதிய ‘கலாத்தியா’ என்னும் சிறுகதையில், கதை முழுவதையும் சிலையாயிருந்தவளே சொல்கின்றாள். ஓவிட்டுக்குப் பின் 2000 ஆண்டுகள் கடந்திருந்தன. கணவனின் கட்டளையால் அடைத்துவைக்கப்பட்ட அவள், தப்பியோடி, அவனையும் இழுத்துக்கொண்டு கடலில் மூழ்கிவிடுகின்றாள். ஷாவின் எலைசாவுக்கு ஒரு தொழில் கிடைத்தது. இவளுக்குக் கடலே கிடைத்தது. பேசும் உரிமை மாத்திரம் கிடைத்து, வாழும் வழி கிடைக்காதபோது விடுதலை இத்தகைய உருவையே எடுக்கும்.

6

இங்கு நியாயமான ஒரு மறுப்பு எழும். ஹிக்கின்ஸ் இல்லாவிடில் எலைசா தெருவோரத்திலேயே இருந்திருப்பாள் அல்லவா? ஒடுக்கப்பட்டோர் தாமாக எழும்வரை கைகட்டி நிற்பதுதான் அறமா? கற்றவர் கல்லாதவரை உருவாக்க முற்படுவதைக் குற்றமெனக் கூறினால், எல்லாச் சமுதாயப் பணியும் நின்றுவிடாதா?

இம்மறுப்பை எளிதாகத் தட்டிவிடுதல் கூடாது. றொபேட் ஓவனை எடுத்துக்கொள்வோம். 1800இல் ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையின் நிருவாகத்தை ஏற்ற அவர், 10 வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கு அமர்த்துவதை நிறுத்தினார். 1816இல் ‘குணநல உருவாக்க நிலையம்’ என்னும் பெயரில் பாடசாலையொன்றைத் திறந்தார். அவரால் அச்சிறுவர் அடைந்த நன்மை மெய்யானது. ஆயினும் அதே ஆலையில், ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கங்களில் நான்கு நிறங்கொண்ட சிறு மரக்கட்டை தொங்கவிடப்பட்டிருந்தது. முதல்நாள் அவர் நடந்துகொண்ட விதம் தீயதாயின் கறுப்பு, மிக நல்லதாயின் வெள்ளை முன்னே திருப்பப்படும். ஓவனின் நடத்தைக்கு நிறம் குறிக்கும் கட்டை எதுவும் தொழிலாளர் கையில் இருக்கவில்லை.

1845இல் பொயர்பாக் பற்றி எழுதிய குறிப்புகளில், மூன்றாவதில் மார்க்ஸ் தொட்டது இந்த இடத்தைத்தான். சூழ்நிலையே மனிதரை உருவாக்குகிறது, ஆகவே சூழ்நிலையை மாற்றினால் மனிதர் மாறுவர் என்னும் கொள்கை, கற்பிப்பவரும் கற்பிக்கப்பட வேண்டியவரே என்பதை மறந்துவிடுகின்றது; அதனால் சமுதாயத்தை இரு கூறாக்கி, ஒரு கூறை மற்றதற்கு மேலே வைத்துவிடுகின்றது என்றார் அவர். 1888இல் அக்குறிப்புகளை வெளியிட்ட எங்கெல்ஸ், இதற்கு எடுத்துக்காட்டாக ஓவனின் பெயரையே சேர்த்தார். ஓவனை மதித்தவர் எங்கெல்ஸ். பகைமையால் அப்பெயரைச் சேர்த்தார் எனக் கருத இடமில்லை.

ஆகவே விடை இதுவாகும். மனிதர் ஒருவரையொருவர் உருவாக்குவதிற் குற்றமில்லை. அதுவின்றிச் சமுதாயமே இல்லை. அவ்வுறவு ஒருவழிப்பட்டதாய் நின்றுவிடும்போதே குற்றம் தோன்றுகின்றது. உருவாக்குபவர் தாமும் மாறுவதற்கு இடமளித்தால் அது கல்வி. இடமளிக்க மறுத்தால் அது செதுக்குதல். மக்களுக்காகப் பேசுகிறேன் என்பவர், மக்கள் தம்மை மறுத்துப் பேசுமிடத்துச் சினங்கொள்வாராயின், அவர் கையில் உளி இருக்கின்றது என்று அறிந்துகொள்ளலாம். முற்போக்காளரான தோமஸ் டேயின் கையிலும் அதுவே இருந்தது.

7

ஆசிரியராயிருப்போர் அறியவேண்டிய இறுதி வடிவமொன்று உண்டு. 1968இல் அமெரிக்கரான றொபேட் றோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் ‘வகுப்பறையிற் பிக்மாலியன்’ என்னும் ஆய்வு நூலை வெளியிட்டனர். கலிபோர்னியாவில், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் பயின்ற ஆரம்பப் பாடசாலையொன்றில் அவர்கள் சோதனையொன்றை நடத்தினர். ஏறத்தாழ 20 வீதமான பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தெரிவுசெய்து, இவர்கள் விரைவில் அறிவு மலர்ச்சி பெறுவர் என ஆசிரியர்களிடம் கூறினர். ஓராண்டின் பின், முதலிரு வகுப்புகளில், அவ்வாறு குறிக்கப்பட்ட பிள்ளைகள் நுண்ணறிவுச் சோதனையில் மற்றையோரிலும் கூடிய முன்னேற்றம் காட்டினர். மேல்வகுப்புகளில் அத்தகைய தெளிவான வேறுபாடு இல்லை. சோதனை முறையின் நம்பகத்தன்மையைப் பிற அறிஞர் கடுமையாக விமர்சித்தனர். விளைவின் அளவு பற்றிய வாதம் பல்லாண்டுகள் நீடித்தது.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையை உயர்த்தும் என்ற செய்தியே அந்நூலால் உலகெங்கும் பரவியது. ஆனால் அதிற் பேசப்படாது போன மற்றொரு செய்தி அதைவிடக் கூர்மையானது. மலர்ச்சி பெறுவர் எனக் குறிக்கப்படாதிருந்தும் முன்னேறிய பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள், சிறப்பாகப் பின்தங்கிய பிரிவிலிருந்து முன்னேறியோரை ஆசிரியர்கள் நன்மதிப்புடன் நோக்கவில்லை. முன்னேறிய அளவுக்கு அவர்களைப் பற்றிய மதிப்பீடு குறைந்தது. எதிர்பாராத இடத்தில் எழுந்த அறிவு, அறிவாகத் தோன்றவில்லை, அடங்காமையாகத் தோன்றியது.

பிக்மாலியன் வேண்டிக்கொண்டபோது சிலை உயிர்பெற்றது. அது அற்புதம் எனப் பாடப்பட்டது. எவரும் வேண்டாதிருக்கத் தானாகவே உயிர்பெறும் சிலையை என்ன செய்வது என்பதைப் பழங்கதை கூறவில்லை. நமது வகுப்பறைகளில் பின்வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளை, நாம் மூடனெனக் குறித்துவைத்த பிள்ளை, ஒருநாள் எழுந்து நாம் எழுதிய கணக்கிற் பிழை காட்டும்போது நாம் என்ன செய்கின்றோம் என்பதே அக்கேள்விக்கு நாம் தரும் விடை. அப்பிள்ளையை அமரச்சொல்லுமுன், கரும்பலகையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நமது கடமை.